கொங்குப் பக்கம் சமூக நாடகமோ ஆட்டமோ போட: முதல்முறை இறங்குபவர்களுக்கு

சமூக நாடகம் எப்படி எழுதுவது என்று சொல்லித்தரப் பட்டறைகள் உண்டு, புத்தகங்களும் உண்டு. போலீஸ் ஸ்டேஷனில் என்ன மனு கொடுப்பது, ஊர்க் கலையரங்கத்தில் ஆடினால் யார் வரமாட்டார்கள், ஆடி மாதம் பல்லடத்தில் மைக் என்ன பாடுபடும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தருவதில்லை. திருப்பூர் வட்டாரத்தில் ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நாடகத்துக்கும் ஆட்டத்துக்கும் பெரும்பாலும் ஒரே வழிதான். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

எல்லோரும் கதையில் ஆரம்பிப்பார்கள். ஒத்திகை முடிந்து நோட்டீஸ் அடித்த பிறகுதான் இடம் தேடுவார்கள், அனுமதி கேட்பார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள்.

1. யார் பார்க்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"மக்களுக்காக" என்று சொன்னால் போதாது. பனியன் கம்பெனி டெய்லருக்கா, சோமனூர் தறிக்காரருக்கா, பொள்ளாச்சித் தென்னை விவசாயிக்கா, திருச்செங்கோட்டு ரிக் வண்டி (ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி) ஆட்களுக்கா? ஆளைச் சொன்னால்தான் நேரத்தைச் சொல்ல முடியும்.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் கம்பெனிகளில் ஆட்கள் வெளியே வரவே ராத்திரி எட்டு மணியாகிவிடும். சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் கூட்டம் இருக்கும் என்று நினைப்போம். கூட்டம் இருக்கத்தான் செய்யும், ஆனால் கடைவீதியிலும் டாஸ்மாக்கிலும். நான் எப்போதும் கேட்பது ஞாயிறு சாயங்காலம். ரிக் வண்டிக்காரர்கள் மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் இருப்பார்கள், ஊர் நோம்பிக்குத்தான் (கோயில் திருவிழாவுக்குத்தான்) திரும்புவார்கள். அவர்களுக்கு ஆடுவதென்றால் நோம்பித் தேதியை ஒட்டித்தான் திட்டமிட வேண்டும்.

மில் விடுதிப் பெண்களுக்கு ஆட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுதிக்குள் விடமாட்டார்கள். கேட்டுக் கேட்டு மாதங்களை வீணாக்காமல், அந்தப் பெண்கள் எந்த ஊர்களிலிருந்து வருகிறார்களோ அங்கே போய், வேலைக்கு அனுப்பும் அப்பா அம்மாவுக்கு ஆடுங்கள். நாடகம் அங்கேதான் அதிகம் தைக்கும்.

2. இடத்தை நடந்து பாருங்கள்

பெரும்பாலான ஊர்களில் தொகுதி நிதியில் கட்டிய கலையரங்கம் ஒன்று இருக்கும். மேடை, கூரை, கரண்ட் எல்லாம் தயார், வாடகையும் சொற்பம். ஆனால் அது பெரும்பாலும் மாரியம்மன் கோயில் முன்னால் இருக்கும். காலனியிலிருந்து எத்தனை பேர் அங்கே வந்து உட்காருவார்கள் என்று ஊரில் நாலு பேரிடம், முக்கியமாகக் காலனி ஆட்களிடம் கேளுங்கள். சாதியைப் பற்றி ஆடப்போகிறவர்கள், பாதி ஊர் வரமுடியாத இடத்தில் ஆடிவிட்டு வருவது அடிக்கடி நடக்கிறது. பள்ளி மைதானமும் பஸ் ஸ்டாப் பக்கத்துக் காலியிடமும் வசதி குறைவுதான், ஆனால் எல்லோரும் வருவார்கள்.

இடம் யாருடையது என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள். ஊராட்சி இடம் என்றால் தலைவர் கடிதம், கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறைச் செயல் அலுவலர், மாநகராட்சிப் பூங்கா என்றால் ஆணையர், பள்ளி என்றால் தலைமையாசிரியரோடு நிற்காமல் கல்வி அலுவலர் வரை போக வேண்டும். புறம்போக்கு என்றால் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துவிட்டு வட்டாட்சியர் அலுவலகம். நெடுஞ்சாலை ஓரத்தை மறந்துவிடுங்கள்.

கல்யாண மண்டபம் வேண்டாம். வாடகை அதிகம், எதிரொலியில் வசனம் ஒன்றும் புரியாது.

3. இப்போது விஷயத்துக்கு வாருங்கள்

நம் பக்கம் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. சுமங்கலித் திட்டம் (கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை மில் வேலைக்கு எடுப்பது), சாயக்கழிவு, ஆணவக் கொலை, வாராவாரம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் குழுக்கடன், வடமாநிலத் தொழிலாளர்கள். எல்லாவற்றையும் ஒரே நாடகத்தில் திணிக்காதீர்கள். ஒரு ஆள், அவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவு என்று சுருக்குங்கள்.

நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரால் காடு கெட்டுப்போன விவசாயிக்கு அது நியாயம். ஒரே ராத்திரியில் வேலை போன சாயப்பட்டறைத் தொழிலாளிக்கு? அந்த இரண்டு பேரும் மாமன் மச்சானாக ஒரே வீட்டில் இருந்தால் நாடகம் தானாக நடக்கும். "ஆற்றைக் காப்போம்" என்று கோஷம் போட்டால் பஸ்ஸுக்கு நிற்பவர் பஸ்ஸைத்தான் பார்ப்பார்.

உண்மைச் சம்பவத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் இந்த எச்சரிக்கைகளைக் கவனியுங்கள்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டமும் சிறார் நீதிச் சட்டமும் சேரும். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஊர், தெரு, அப்பா தொழில் மூன்றையும் அப்படியே வைத்தால் பார்க்கிறவர்கள் அடுத்த நிமிஷம் ஆளைச் சொல்லிவிடுவார்கள். மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள்.

கம்பெனிப் பெயர் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கம்பெனி பஸ்ஸின் நிறம், யூனிபார்ம் நிறம், விளம்பர வாசகம் ஆகியவையும் வேண்டாம். அவதூறு வழக்குக்கு அதுவே போதும்.

கதை சொன்னவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரு பக்கம் போதும்: எதைச் சொன்னார், எதைப் பயன்படுத்தலாம், எது கூடாது, வீடியோ எடுக்கலாமா. கையெழுத்துப் போடத் தயங்கினால் அவர் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை என்று பொருள். அந்தக் கதையை விட்டுவிடுங்கள்.

எழுத்தாளரின் கதையை நாடகமாக்குவதாக இருந்தால் அவரிடமோ வாரிசிடமோ கடிதம் வேண்டும். பதிப்புரிமை அவர் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் உண்டு. நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்து என்றால் கவலையில்லை.

4. வடிவம்: கையில் இருப்பதை எடுங்கள், கேட்டு எடுங்கள்

கும்மி, ஒயிலாட்டம், பெருஞ்சலங்கை, ஜமாப், தப்பட்டை (பறை), உடுக்கடிப் பாட்டு, சேலம் நாமக்கல் பக்கம் போனால் தெருக்கூத்து. இத்தனை இருக்கையில் நாடகத்துக்கு நடுவே சினிமாப் பாட்டு டிராக்கைப் போட்டுக் குதிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உரிமைச் சிக்கலும் உண்டு. கட்டணம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் மன்றத்துக்குப் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் அதையே வீடியோ எடுத்து யூட்யூபில் ஏற்றினால் அந்த விலக்கு உதவாது. சொந்தப் பாட்டு, கும்மி மெட்டு, கைத்தட்டு. செலவும் இல்லை, வழக்கும் இல்லை.

கும்மியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024-ல் பத்மஸ்ரீ பெற்ற மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்ரப்பன் போன்றவர்கள் பெண்களையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்ததால், இன்று ஊருக்கு ஊர் கும்மி தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். முப்பது பேர் வட்டமாக நின்றால் ஒளி, மேடை, திரை எதுவும் தேவையில்லை, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். வரிகளை மட்டும் நீங்கள் புதிதாகக் கட்டலாம். ஆனால் பல வள்ளிக் கும்மிக் குழுக்கள் ஊர், உறவு, சாதிக் கட்டுக்குள் இயங்குபவை. காதல் திருமணத்தைப் பற்றியோ சாதியைப் பற்றியோ பாட்டு என்றால் முதல் சந்திப்பிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். "ஏனுங்க, இதெல்லாம் நமக்கு எதுக்குங்க" என்று அவர் சொன்னால் கும்பிட்டுவிட்டு வேறு குழுவைத் தேடுங்கள். ஒத்திகை பாதியில் இருக்கும்போது ஆட்கள் விலகினால் பாட்டையும் ஆட்டத்தையும் மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

உடுக்கடியும் கம்பத்தாட்டமும் (மாரியம்மன் கோயில் முன் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடுவது) நோம்பியோடு சேர்ந்தவை. அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் கதை) பாடுகிறவர் சாமி வந்து ஆடும் இடத்தை உங்கள் நாடகத்தில் நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். தாளத்தையும் சொல்முறையையும் கற்றுக்கொள்ளலாம். அதற்கும் அவரிடம் கேட்டு, வெற்றிலை பாக்கோடு பணமும் வைத்து.

தப்பட்டைக் கலைஞர்களுக்குப் பணம், சாப்பாடு, உட்காரும் இடம் மூன்றும் நடிகர்களுக்கு உள்ளதுபோலவே இருக்க வேண்டும். சாதி ஒழிப்பு நாடகத்தில் பறை அடித்தவருக்குத் தனியாகப் பேப்பர் கப்பில் டீ கொடுத்த ஏற்பாட்டாளர்களை எங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன்.

பார்வையாளர்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் பாதிப்பேர் என்றால் வசனத்தைக் குறைத்து ஆட்டத்தைக் கூட்டுங்கள். தையல் மிஷினில் உட்கார்ந்து எழும் உடம்பு, செக்கிங் மேஜையில் நாள் முழுக்க நின்ற கால், இதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. பரதம் படித்தவர்கள் இதில் வேலை செய்ய வந்தால் முதல் வாரம் ஒரு கம்பெனி வாசலில் நின்று ஆட்கள் வெளியே வரும் நடையை மட்டும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

5. ஒத்திகை

தெருவில் 30 முதல் 40 நிமிடம். அதற்கு மேல் போனால் கைக்குழந்தைக்காரர்கள் எழுந்துவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களை வைத்து ஒத்திகை பார்க்க ஞாயிறும் வாரத்தில் ஒரு ராத்திரியும்தான் கிடைக்கும், ஆக இரண்டு மாதம் என்று கணக்கு வையுங்கள். தீபாவளிக்கு முன்னால் திருப்பூரில் ஒத்திகை நடக்காது. ஆர்டர் முடியும்வரை ஆளே வரமுடியாது.

கொங்குத் தமிழை அளவோடு வையுங்கள். வரிக்கு வரி "ங்க" போட்டால் சினிமா காமெடி ஆகிவிடும்.

பிள்ளைகளை நடிக்க வைப்பதென்றால் பெற்றோர் சம்மதக் கடிதம் கட்டாயம். டிக்கெட் போட்டோ விளம்பரதாரர் பிடித்தோ வணிக நிகழ்ச்சியாக நடத்தினால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் கூடாது.

6. அனுமதி

ஆட்கள் அதிகம் திணறுவது இங்கேதான். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்னால் மனு கையில் போயிருக்க வேண்டும். அதற்கு முன்பே இடத்துக்காரரின் கடிதம் உங்களிடம் இருக்க வேண்டும், அது இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

கோவை, திருப்பூர், சேலம் மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர் அலுவலகம், மற்ற இடங்களில் டி.எஸ்.பி. எதுவானாலும் அங்கே நகல் கொடுங்கள், மூல மனு அந்தப் பகுதி இன்ஸ்பெக்டருக்கு. இணைக்க வேண்டியவை:

- நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் கூட்டம்
- இடத்துக்காரர் கடிதம், இடத்தின் கை வரைபடம்
- பங்கேற்பவர் பட்டியல், பொறுப்பாளர் இருவரின் ஆதார் நகல், கைபேசி எண்
- ஒலிபெருக்கி எத்தனை, யாருடைய சவுண்ட் சர்வீஸ்
- கதைச் சுருக்கம், ஒரே பக்கம்

உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "ஐயா பார்த்துச் சொல்வாங்க, வெச்சிட்டுப் போங்க" என்பார்கள். வைத்துவிட்டுப் போங்கள், அதே நாள் டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டிலும் ஒன்றை அனுப்பிவிடுங்கள்.

முழு வசனப் பிரதியைக் கேட்பது இன்னும் சில இடங்களில் பழக்கமாக இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013-ல் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. இதைப் பணிவாகச் சொல்லி, கதைச் சுருக்கத்தை நீட்டுங்கள். சண்டை போட வேண்டாம், தீர்ப்பின் நகல் ஒன்றை ஃபைலில் வைத்திருங்கள்.

ஒலிபெருக்கி ராத்திரி 10 முதல் காலை 6 வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டருக்குள் அமைதி மண்டலம். பள்ளி மைதானத்தில் ஆடுகிறவர்கள் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் அனுமதி வாங்குவது இழுபறியாகிவிடும், அந்த மாதங்களில் திட்டமே வேண்டாம்.

மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருந்தால் நீதிமன்றம் போவது எளிது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் சென்னை அமர்வுக்குப் போகும், கரூரும் பழனிப் பக்கமும் மதுரைக் கிளைக்கு.

இன்னொரு பொறி, "சமாதானப் பேச்சு". யாராவது எதிர்த்தால் உங்களைத் தாலுகா ஆபீஸுக்கு அழைத்து, எதிர்த்தரப்பை எதிரே உட்கார வைத்து, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அந்த அறையில் தனியாக இருந்தால் யாருக்கும் கை நடுங்கும். எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வழக்கில் 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம், அப்படிப்பட்ட ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லியிருக்கிறது. அழைப்பு வந்தால் வக்கீலோடு போங்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

7. பணம்

எட்டுப் பேர் குழு, ஒரு நாடகம், நாலு ஊர் என்றால் எங்கள் வட்டாரத்தில் 50 ஆயிரத்தை ஒட்டி வரும். தப்பட்டைக்காரர் ஒருவருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு, சவுண்ட் சர்வீஸ் நாலாயிரம் ஐயாயிரம், டாடா ஏஸ் வண்டி தூரத்தைப் பொறுத்து இரண்டாயிரத்துக்கு மேல். சாப்பாடுதான் கணக்கில் விடுபடும். ஒத்திகை நாட்களின் டீ, பன், ராத்திரிப் புரோட்டா சேர்ந்தால் சவுண்ட் செலவைத் தாண்டிவிடும். நடிகர்களுக்குச் சம்பளம் தரமுடியாவிட்டாலும் பஸ் காசும் இழந்த கூலியும் தரவேண்டும். அன்றாடக் கூலிக்காரரை இலவசமாக ஆடச் சொல்லிவிட்டு உழைப்புச் சுரண்டலைப் பற்றி வசனம் பேசக் கூடாது.

மானியம் வேண்டுமென்றால் பதிவு வேண்டும். சங்கமாகப் பதிய 7 உறுப்பினர், மாவட்டப் பதிவாளர் அலுவலகம், 1975-ஆம் ஆண்டுச் சட்டம். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர். பான் அட்டை, வங்கிக் கணக்கு, தர்பண் (தொண்டு அமைப்புகளுக்கான மத்திய அரசுத் தளம்) தளத்தில் பதிவு எல்லாம் அதற்குப் பிறகு. மத்திய கலாச்சார அமைச்சகத்தின் நிகழ்ச்சித் தயாரிப்பு மானியம் பொதுவாக 5 லட்சம் வரை. ஆனால் அமைப்பு தொடங்கி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், பணமும் மொத்தமாக வராது. ஆகவே முதல் நாடகத்துக்கு அதை நம்பாதீர்கள், பதிவை மட்டும் இன்றே செய்து வையுங்கள். மாநில அளவில் இயல் இசை நாடக மன்றமும், கோவையிலும் சேலத்திலும் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையங்களும் உண்டு, நேரில் போய்க் கேட்பது நல்லது. கூட ஆடும் கலைஞர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் போட உதவுங்கள்.

ஊர்ப் பணக்காரர், கம்பெனி முதலாளி தரும் பணம் சீக்கிரம் வரும். அவர் பெயர் பேனரில் வரும், அடுத்த வாரம் வசனத்திலும் கை வைப்பார். டிக்கெட் போட்டு அரங்கில் ஆடுவதானால், 500 ரூபாய் வரையிலான நாடக, நடன டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் பணம் அனுப்புகிறேன் என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில்லாமல் அமைப்புக் கணக்கில் வாங்காதீர்கள்.

8. ஆடும் நாள்

ஆனி, ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் மைக்கையும் பேனரையும் சேர்த்துத் தூக்கும். நடிகர்கள் மேற்கே நின்று கிழக்கே பார்த்து ஆடினால் காற்றே குரலைப் பார்வையாளரிடம் கொண்டுபோகும். ஆறு மணிக்கு முன் தொடங்கினால் வெயில் பார்வையாளர் கண்ணில் அடிக்கும், ஆகவே ஆறரைக்குத் தொடங்குங்கள். ஐப்பசி மழையில் திறந்தவெளியே வேண்டாம். மாசி, பங்குனியில் ஊருக்கு ஊர் நோம்பி சாட்டு (நோம்பி அறிவிப்பு) நடக்கும். உங்கள் தேதி கம்பம் நட்ட நாட்களில் விழுந்தால் ஒருவரும் வரமாட்டார்கள், போலீஸும் பந்தோபஸ்துக்குப் போயிருக்கும்.

அரை மணி நேரம் முன்னால் தப்பட்டையோடு எல்லாத் தெருவும் சுற்றி வாருங்கள். காலனித் தெருவை முதலில் சுற்றுங்கள்.

அனுமதிக் கடிதம், இடக் கடிதம், தபால் ஒப்புகை மூன்றும் ஒரு ஃபைலில், மேடையில் நடிக்காத ஒருவரிடம். பீட் போலீஸ் வந்தால் அவர்தான் பேச வேண்டும். முதலாளி வேஷத்தில் இருப்பவர் போய்ப் பேசினால் வேடிக்கையாகிவிடும்.

9. ஆடி முடித்த பிறகு

உடனே மைக்கைப் பார்வையாளரிடம் நீட்டாதீர்கள். பொதுவில் யாரும் பேசமாட்டார்கள், பேசினால் ஊர்ப் பெரியவர் ஒருவர் பத்து நிமிஷம் வாழ்த்துரை சொல்வார். வயர் சுற்றும்போது பக்கத்தில் வந்து நிற்பார்கள் பாருங்கள், அவர்களிடம்தான் விஷயம் இருக்கும். அதற்காகவே இரண்டு பேரை வேலையில்லாமல் விடுங்கள். கடனோ, விடுதியில் மாட்டிய மகளோ என்று யாராவது உதவி கேட்டால் கையில் தர ஒரு துண்டுச் சீட்டு இருக்க வேண்டும்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் முகவரி.

வீடியோவில் கூட்டத்தின் முகங்கள் தெரிந்தால் வெளியிடுவதற்கு முன் வெட்டிவிடுங்கள். கம்பெனி சூப்பர்வைசர்களும் அதைப் பார்ப்பார்கள். செலவு ரசீதுகளை அன்றைக்கே தேதி போட்டு ஒட்டி வையுங்கள். தப்பட்டைக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள். மானியத்தின் அடுத்த தவணைக்குக் கேட்கும் பயன்பாட்டுச் சான்றிதழுக்கு ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.